அருளும் நானும் ஒயில் சீல் மாற்றியது

"பால்!" என்றார் அருள்.

வாசலில் கைத்தடியை ஊன்றி நின்றபடி சொன்னார். நான் குசினிக்கு ஓடினேன். அடுப்பு அணைந்திருந்தது. பால் சட்டி ஆறிப்போய் மூடியோடு கிடந்தது. திரும்பி வந்து, "பால் பொங்கலைங்க" என்றேன்.

"பால்! பால்!"

கைத்தடியால் தரையைக் குத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. அவர் குத்திய பக்கம் பார்த்தேன். எங்கள் மொரிஸ் மைனர் நின்றது. அதன் முகப்புக்கு நேர் கீழே, சீமெந்துத் தரையில், ஒரு கறுப்புத் திட்டு. குனிந்து விரலால் தொட்டேன். வழுவழுவென்றிருந்தது.

"ஒயிலா?" என்றேன்.

கண்களை மூடித் தலையசைத்தார். கோபம் தணியவில்லை. எனக்கு விளங்கியதில் அவருக்கு எந்த மகிழ்ச்சியும் இல்லை. அவருக்கு வேண்டியது ஒயில் என்ற சொல். அது வரவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை நீதிமன்றத்தில் கண்டதையும் கேட்டதையுமே எழுதிவந்தேன். மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவளிடம் நீங்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். இந்த வாரக் கட்டுரை, கண்டிப் பக்கம் அம்பிட்டியவில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை.

சொல் வராத மனிதர்

அந்தப் 'பால்' நாளுக்கு முந்தைய மழைக்காலத்தில் என் கணவர் அருளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. வலது கால் இழுத்து இழுத்து நடக்கும் அளவுக்குத் திரும்பி வந்தது. பேச்சுத்தான் வேறு மாதிரியாகிவிட்டது.

"அவருக்கு எல்லாம் விளங்கும். சொல்லெல்லாம் உள்ளுக்குள்ள இருக்கு. வார பாதையில மண்சரிவு, அவ்வளவுதான்" என்றார் டொக்டர். கண்டிக்காரர்களுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அருள் தண்ணீரைக் கதவு என்பார். என்னைத் தம்பி என்பார். ஆனால் 'அருள் நிறைந்த மரியே' செபத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரு சொல் பிசகாமல் சொல்வார். கெட்ட வார்த்தைகளும் அப்படியே இருந்தன. பங்குத் தந்தை நற்கருணை கொண்டுவந்த ஒரு நாள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டார். நல்ல மனிதர், கேட்காததுபோல் இருந்துவிட்டார்.

இன்னொன்றையும் கவனித்தேன். அருள் பிறந்தது யாழ்ப்பாணத்தில், இளவாலையில். தபால் கந்தோர் வேலையாக மடுல்கெல்லவுக்கு வந்தவர். அங்கே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என்னைக் கட்டிக்கொண்டு, எங்கள் பேச்சையே பேசப் பழகிவிட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு சரியாக வந்த சில சொற்களும் யாழ்ப்பாணத்துச் சொற்களாகவே வந்தன. 'ஆமா' போய்விட்டது. 'ஓம்' வந்துவிட்டது. கலியாணமான புதிதில் என்னை அழைத்த 'நீர்' திரும்பி வந்தது.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். "பிழையாப் பேசினாலும் பேச விடுங்க. வாயை மூடிக்கிட்டா அப்புறம் வராது."

அருள் வாயை மூடிக்கொள்ளத் தொடங்கியிருந்தார். பிழையான சொல் வாயிலிருந்து வெளியே வந்த பிறகு அதைத் தானே கேட்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அவர் சத்தமாகச் சொன்ன சொல் அந்தப் 'பால்'தான்.

ஒரு நீதவான் சொன்னது

வேலையில் சேர்ந்த புதிதில், வத்தேகம பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்றார். கங்காணியைப் பற்றிக் கேட்டபோது, பல்லைக் கடித்துக்கொண்டு, "அவரு ரொம்ப நல்ல மனுசங்க" என்றார். அந்தக் குரலில் சொன்னால் அதற்கு நேர்மாறான அர்த்தம் என்று எங்கள் பக்கத்துச் சிறு பிள்ளைக்கும் தெரியும். நான் சிங்களத்தில் சொல்லும்போது அந்த அர்த்தத்தையும் சேர்த்துவிட்டேன்.

நீதவானுக்கும் கொஞ்சம் தமிழ் தெரியும். பேனாவை மேசையில் வைத்தார். "மிஸ், சாட்சி சொன்னதை மட்டும் சொல்லுங்கள். நினைத்ததை அவர் பார்த்துக்கொள்வார்" என்றார்.

அதன்பிறகு ஓய்வுபெறும்வரை அப்படித்தான் வேலை செய்தேன். கொலை வழக்கோ காணி வழக்கோ, காதில் விழுந்ததை மற்ற மொழியில் வைத்துவிட்டு விலகி நின்றேன். அழுதுகொண்டே சொன்னவர்களின் வாக்குமூலத்தையும் அழாமல்தான் மொழிபெயர்த்தேன்.

வீட்டில் அந்த விதி உதவவில்லை. சொன்னதை மட்டும் எடுத்தால், கதவைக் குடிக்கக் கேட்ட மனிதரை என்ன செய்வது? ஊகிக்கப் பழகினேன். சொல்லை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கப் பழகினேன். கை பெரும்பாலும் சரியாகவே காட்டியது.

பளீல் வந்தார்

காரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கம்பளையில் ஓய்வுபெற்ற ஒரு தோட்டத்து மருந்தாளரிடமிருந்து அருள் அதை வாங்கினார். வாங்கிவந்த அன்று அடைமழை. வைப்பர் வேலை செய்யவில்லை. யன்னல் வழியாகத் தலையை நீட்டி வழி பார்த்தபடி ஓட்டிவந்து, நனைந்த கோழிபோல் இறங்கினார். முகத்தில் அத்தனை சந்தோஷம். எனக்கு அந்தக் கார் மீது பெரிய பாசம் கிடையாது. உள்ளே எப்போதும் பெற்றோல் வாடை. வளைவுகளில் வயிற்றைப் புரட்டும். நான் ஓட்டவும் பழகவில்லை.

பக்கவாதத்துக்குப் பிறகும் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அருள் அதில் ஏறி உட்காருவார். இடது கையால் ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்திவிட்டு இறங்குவார். ஓட்ட முடியாத ஒன்றை வாசலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லதல்ல என்று எனக்குப் பட்டது. திகனவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் பளீலைக் கூப்பிட்டேன். பழைய கார்கள் என்றால் அவருக்கு உயிர். எங்கள் காரை எப்போதோ கேட்டு வைத்திருந்தார்.

அருளிடம் கேட்கவில்லை. அவர் பதில் என்னவாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

பளீல் ஒரு சீப்பு கோழிக்கூட்டு வாழைப்பழத்தோடு வந்தார். அருளின் இடது கையைப் பிடித்து ஸலாம் சொன்னார். பொனட்டைத் திறந்து, டோர்ச் அடித்து, கீழே படுத்தும் பார்த்தார்.

"முன் சீல் பழுதாப் பெய்த்து ஈக்கி அக்கா. எஞ்சினுக்கு முன்னுக்கு ஒரு றப்பர் வளையம் ஈக்கும். அதுதான் ஒயில வெளிய விடாம பிடிச்சிக்கிறது. அது சிந்தி பெல்ட்டெல்லாம் ஒயில். இப்பிடியே ஓட்டினா பெல்ட் வழுக்கி, எஞ்சின் சூடாகிப் போகும்."

பிறகு அருளிடம் திரும்பினார். "சேர், விக்கிற யோசனை ஈந்தா இப்பிடியே தாங்க. நம்மட கராஜ்ல போட்டு செஞ்சிக்கிறன்."

"வேண்டாம்" என்றார் அருள்.

தெளிவாக, பிசிறில்லாமல் வந்தது. பளீல் தர்மசங்கடப்பட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சரி சேர். நான் கேட்டத மனசுல வச்சிக்காதீங்க. ஒரு மெக்கானிக் பாஸ அனுப்புறன், இங்கயே செஞ்சி தருவாரு."

அருள் அதற்கும் தலையசைத்து மறுத்தார். தன் நெஞ்சைத் தட்டினார். பிறகு என்னைக் காட்டினார்.

"நானா?" என்றேன். "எனக்கு ஒரு ஆணிகூட ஒழுங்கா அடிக்கத் தெரியாதுங்களே."

"ஓம்" என்றார்.

பளீலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "அப்ப சீல நான் தேடிக் கொண்டுவந்து தாறன் அக்கா. விக்கிற கதை வேற, இது வேற" என்றார்.

அவர் புறப்படும்போது அருள் திறந்திருந்த பொனட்டைப் பார்த்தபடி, "மூச்சு" என்றார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நான் கதிரையைக் கொண்டுவந்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தேன். தண்ணீரை வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்டி, யன்னல், பாம்பு

சீல் வந்து சேர்ந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு வளையம். அதை மாற்றுவதற்கு எஞ்சினின் முன்பக்கம் முழுவதையும் கழற்ற வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அருள் கதிரையில் உட்கார்ந்து வேலை வாங்கினார். ஸ்பெனரைக் கரண்டி என்றார். ரேடியேட்டரை யன்னல் என்றார். பார்த்தால் அப்படித்தான் இருந்தது. பெல்ட்டைப் பாம்பு என்றார். நான் வீட்டில் உடுத்தும் பழைய சோட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு, அவர் காட்டிய நட்டுகளைக் கழற்றினேன். ரேடியேட்டர் தண்ணீரை வாளியில் பிடித்தோம். ரேடியேட்டரைத் தூக்கி மதிலில் சாய்த்தோம். ஃபேனும் பெல்ட்டும் வெளியே வந்தன. காரின் வாய்க்குள் தலையை விட்டதுபோல் இருந்தது.

கடைசியில் ஒரு பெரிய நட்டு. அதன் பின்னால்தான் பெல்ட் சுற்றும் சக்கரம். சக்கரம் வந்தால்தான் சீல் இருக்கும் தகரமூடி வரும். நான் ஸ்பெனரில் தொங்கிப் பார்த்தும் நட்டு அசையவில்லை.

அருள் எழுந்து போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கியரைப் போட்டு, இடது காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டார். எஞ்சின் சுற்றாமல் இருக்க வேண்டும். ஸ்பெனரின் கைப்பிடியில் நான் சுத்தியலால் அடிக்க வேண்டும்.

"எந்தப் பக்கம் அடிக்க?"

"வலம்" என்றார். யன்னலுக்கு வெளியே நீட்டிய கை இடப்பக்கம் சுழன்றது.

சுத்தியலைப் பிடித்தபடி யோசித்தேன். கையை நம்பி இடப்பக்கம் அடித்தேன். முதல் அடியில் ஒன்றும் இல்லை. பிறகு, எங்கே இருந்து வந்ததோ தெரியாத ஒரு பலத்தோடு அடித்தேன். டக்கென்று ஒரு சத்தம். நட்டு இளகியது.

"அப்படித்தான்!" என்று உள்ளே இருந்து கத்தினார். அந்தச் சொல்லும் சரியாகவே வந்தது.

பழைய சீல் கருவாடுபோல் விறைத்துப்போயிருந்தது. புதியதன் உதட்டில் அருள் இடது கைச் சுட்டுவிரலால் ஒயில் தடவினார். குழந்தைக்கு மருந்து தடவுவதுபோல் அவ்வளவு மெதுவாக. பலகைத் துண்டை வைத்து நான் சுற்றிவரத் தட்டி இறக்கினேன். மூடியைப் பொருத்தி, அவசரமாக முறுக்கப் போனபோது மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "நடு" என்றார். முதலில் சக்கரத்தைச் செருகி, சீல் அதற்குச் சரியாக நடுவில் உட்கார்ந்த பிறகே மூடியை முறுக்க வேண்டும். அப்படியே செய்தோம்.

இடையில் இரண்டு தடவை "மூச்சு" என்றார், நெஞ்சைத் தொட்டுக்கொண்டு. இரண்டு தடவையும் வேலையை நிறுத்தி அவரைப் படுக்க வைத்தேன்.

ஞாயிறு பூசையில் நகக்கண் கறுப்போடு உட்கார்ந்திருந்தேன். சமாதானம் சொல்லிக் கைகொடுத்த பெண், என் கையைப் பார்த்ததும் தன் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம்

எல்லாம் பூட்டி, தண்ணீர் நிரப்பி, அருள் ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் ஓடியது. நான் கீழே ஓர் அட்டையை விரித்துக் குந்தி இருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூடியின் விளிம்பில் ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது. அடுத்தது அதைவிடச் சீக்கிரமாக வந்தது.

"ஒழுகுதுங்க" என்றேன்.

அருள் இறங்கி வந்து பார்த்தார். அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையை, உச்சரிப்புப் பிசகாமல் சொன்னார். கைத்தடியை எறிந்தார். பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டு, "மூச்சு! மூச்சு!" என்றார். முகமெல்லாம் வியர்வை.

நான் தாமதிக்கவில்லை. த்ரீவீலைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க அவர் என் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். வலியில் செய்கிறார் என்று நினைத்தேன்.

அங்கிருந்த இளம் டொக்டர், கட்டிலில் இருந்தவரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார். "என்ன செய்யுதாம்?"

"மூச்சு முட்டுதாம்" என்றேன்.

அருள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஈசீஜீ எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. "கொஞ்சம் டென்ஷன் போல. பயப்பட ஒண்ணுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு அருள் பேசவில்லை. பிழையாகவும் பேசவில்லை. தேத்தண்ணீர் வைத்தால் குடித்தார். மாலைச் செபத்தை நான் தொடங்கினால் தொடரவில்லை, மணிகளை மட்டும் உருட்டினார். மிஸ் சொன்னது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. சீல் வேலையில் இறங்கியிருக்கவே கூடாது என்று தோன்றியது. ஒரு பின்னேரம், காரை இப்படியே கொண்டுபோகச் சொல்லலாம் என்று பளீலின் நம்பரை எடுத்தேன்.

அருள் வந்து டெலிபோனை என் கையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக் காரடிக்கு இழுத்துப் போனார். பொனட்டைத் தூக்கச் செய்தார்.

"மூச்சு" என்றார். இம்முறை சத்தம் போடவில்லை.

நான் கதிரையை எடுக்கத் திரும்பினேன். அவர் விடவில்லை. இடது கையால் என் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தினார்.

பயந்துபோனேன் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. தபால் பைகளைத் தூக்கிய கை. முகத்தைத் திருப்ப முடியவில்லை. அவர் கண்ணில் கோபம் இல்லை, அது இன்னும் பயமாக இருந்தது. நெஞ்சு அடைத்தது. இரண்டு கையாலும் தள்ளினேன். உடனே விட்டுவிட்டார். நான் இருமிக்கொண்டு நிற்க, அந்தக் கையால் எஞ்சினைக் காட்டினார்.

எனக்கு விளங்க இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"எஞ்சினுக்கா? எஞ்சினுக்கா மூச்சு முட்டுது?"

"ஓம்! ஓம்! ஓம்!"

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

குளவி

எஞ்சின் ஓடும்போது உள்ளே காற்று அடைபடும். அது வெளியேற ஒரு குழாய் உண்டு, எஞ்சினின் பக்கத்திலிருந்து கீழ்நோக்கி வளைந்து போகும். அது அடைத்துக்கொண்டால் காற்று வேறு வழி தேடும். சீல் புதியதோ பழையதோ, அந்த இடத்தால் ஒயிலைத் தள்ளிக்கொண்டு வரும். இதெல்லாம் பிறகு நான் தெரிந்துகொண்டது. அருள் முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரே சொல்லில், சரியான சொல்லில்.

அவர் காட்டிய குழாயின் கீழ் முனையில் விரலை வைத்தேன். மண். காய்ந்து இறுகிய மண். குடைக்கம்பி ஒன்றை வளைத்துக் குத்தினேன். பொலபொலவென்று உதிர்ந்தது. மண்ணோடு காய்ந்த சிறு சிலந்திகளும் விழுந்தன. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த மாதங்களில், ஓடாமல் நின்ற காரில் ஒரு குளவி வீடு கட்டி, குஞ்சுக்குச் சாப்பாடும் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருந்தது.

ஸ்டார்ட் செய்தோம். குழாயின் முனையிலிருந்து மெல்லிய புகை வந்தது. கையை வைத்தேன். இளஞ்சூடாக, விட்டு விட்டு, காற்று உள்ளங்கையில் பட்டது. அட்டையில் ஒயில் விழவில்லை. அடுத்த நாளும் விழவில்லை.

அந்த வாரம் கிளினிக்கில் அருள் நிறையப் பேசினார். பாதிக்கு மேல் பிழை. மிஸ் எனக்குக் கண் காட்டிச் சிரித்தார்.

கார் இனி எங்களோடுதான் என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பது? பாஸையும் வேண்டாம் என்று, தானே உட்கார்ந்து திருத்த வைத்த மனிதர்.

ஒரு காலை, பாண் துண்டைத் தேத்தண்ணீரில் தோய்த்துக்கொண்டிருந்தவர், "பளீல்" என்றார்.

"பளீலுக்கு என்ன?"

"கூப்பிடும்."

"எதுக்குங்க?"

"கார்... குடுப்பம்."

நான் அவர் கையைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தேன். "அப்ப ஏன் அன்னைக்கு வேண்டாம்னீங்க?"

நீண்ட நேரம் எடுத்தார். நான் எந்தச் சொல்லையும் எடுத்துக் கொடுக்கவில்லை. தேத்தண்ணீர் ஆறியது.

"அண்டைக்கு ஒழுகினது" என்றார். "இப்ப ஒழுகேல்லை."

கொண்டுபோனார்

பளீல் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடித்துவிட்டு வந்தார். எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார், கீழே படுத்துப் பார்த்தார். "ஒரு சொட்டு இல்ல! எப்பிடி சேர் செஞ்சீங்க?"

அருள் சொல்லத் தொடங்கினார். "இது... பறக்கிறது... வீடு... மூச்சு..."

பளீல் என் பக்கம் திரும்பினார். "சேர் என்ன செல்றாரு அக்கா?"

பதில் வாய்வரை வந்துவிட்டது. தொழில் பழக்கம். "அவருகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் போட உள்ளே போனேன்.

குசினி யன்னல் வழியாகப் பார்த்தேன். இருவரும் பொனட்டுக்குள் குனிந்திருந்தார்கள். அருளின் இடது கை காற்றில் வட்டம் போட்டு வந்து குழாயில் இறங்கியது. பளீல் தலையைச் சாய்த்து, அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தட்டோடு வெளியே வந்தபோது பளீல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குளவி! யா அல்லாஹ், குளவி!" அருளும் சிரித்துக்கொண்டிருந்தார். எந்தச் சொற்களால் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

கார் மெதுவாகச் சரிவில் இறங்கி, வளைவில் ஒருமுறை ஹோர்ன் அடித்து, மறைந்தது. சத்தம் கொஞ்சத் தூரம் கேட்டது. பிறகு ஒரு பஸ் சத்தத்தில் கலந்துவிட்டது. அருள் கேற்றைப் பிடித்தபடி நின்றார்.

கவலையா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவரே திரும்பினார்.

"பசிக்குது" என்றார்.

பசி என்றால் பசி என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே போய்ப் பிட்டு அவித்து, முதல் நாள் மீன்குழம்பைச் சுடவைத்துப் பரிமாறினேன். அவர் இடது கையால் சிந்தாமல் சாப்பிட்டு முடித்து, சாப்பாட்டுக் கோப்பையை இன்னொரு முறை என் பக்கம் நீட்டினார்.